அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம்

டைலர் அக்காவின் உலகம் அரை மணி நேர அகலம். நூல் கடை, காய்கறிக் கடை, மருந்துக் கடை, மகள் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள் அடக்கம். பஸ் நிலையம் மயிரிழையில் வெளியே போய்விட்டது. ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பி அரை மணிக்குள் திரும்பிவிட முடிகிற இடத்துக்கெல்லாம் அவள் போவாள். முடியாத இடத்தில் தங்கம் கொட்டிக் கிடந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன். மகள் பிறந்தபோது படாத பாடு பட்டுத்தான் பிறந்தாள். அன்றையிலிருந்து அக்காவுக்குச் சிறுநீர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போய்விட்டு வந்தால் அரை மணி தாங்கும், அதற்குப் பிறகு வருகிறது என்றால் வந்துவிடும். கொஞ்சம் பொறு என்றால் பொறுக்காது. சிரித்தால் வரும், தும்மினால் வரும், குளிர்ந்தால் வரும். ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ஆள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்றார். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது! அந்த மனுஷர் இன்று என் கையில் அகப்பட்டாலும் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

அதற்காக மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அவள். முன் அறை ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டாள். பள்ளிச் சீருடை, தலையணை உறை, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, எது வந்தாலும் தைத்தாள். இடக்கைக்காரி என்பதால் கத்தரிக்கோலை அவள் பிடிக்கிற அழகே வேறு. தெரு முழுக்க அவளுக்கு டைலர் அக்கா என்றுதான் பெயர். "அக்கா கெட்டிக்காரி, கடையைத் தேடி ஓடாம கடையவே வீட்டுக்கு வரவச்சுட்டா" என்று எல்லோரும் மெச்சுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள், அளவாக.

கல்யாணம், காது குத்து, சுற்றுலா, எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "தலைக்கு மேல ஆர்டர் கிடக்கு." தங்கை மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று தங்கை இரண்டு வருஷம் பேசவில்லை. மகள் தலைநகரத்தில் படித்துப் பட்டம் வாங்கிய அன்றுகூட அக்கா மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினாள். அன்று அவள் தைத்த சீருடைகளில் பாதியை மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அச்சுக்காரர் என்றால்தான் தெரு ஆட்களுக்குத் தெரியும். நல்ல மனுஷர், குடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்லத் துப்புக் கிடையாது.

"எப்படிங்க இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு."

"பெருசான்னா?"

"நல்லாப் பெருசு."

மகள் பட்டம் வாங்கிய மண்டபமும் பெருசு, தலைநகரத்து வீதியும் பெருசு, கடலும் பெருசு. அக்கா இந்த உலகத்தை இப்படித்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்றால், அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் அவளுக்குத் தலைநகரம் என்றால் சமையலறைச் சுவரில் தொங்கிய படம்தான். அச்சுக்காரர் கையால் அச்சான காலண்டர். தேதித் தாள் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் படத்தை அவள் கழற்றவில்லை. அகலமான சதுக்கம், நடுவில் குதிரை மேல் வாளை ஓங்கிய ஒரு வீரன், இடப்பக்கம் படி படியாக ஏறிப்போகிற பெரிய மியூசியம், அதன் தலையில் ஒரு குவிமாடம். வீரன் வாளை இடக்கையில் பிடித்திருந்தான். அதனாலேயே அவன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். பால் பொங்குகிற வரைக்கும் தினம் மனசுக்குள் அந்தப் படியில் ஏறிப்போய், கதவு வரைக்கும் போய், நிற்பாள். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாததால் அதற்கு மேல் போக முடியாது. அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும். இதுதான் அவள் ஆசை. வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

விஷயத்தை உடைத்தவர் அச்சுக்காரர். அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு, பஸ், வேன் எல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், "ஏன் மாமா, அக்கா எங்கயும் வர மாட்டேங்குது? எங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டான். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கோவமெல்லாம் இல்ல மாப்ளே, அவளுக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாது" என்று போட்டு உடைத்துவிட்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வெளியே வந்துவிட்டது. அக்கா கரண்டியைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே போனவள்தான். புருஷனிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி மிச்சத்தைச் சாப்பிட்டான், கை கழுவினான், போய்விட்டான். சில மாதம் கழித்து ஒரு காலையில் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், வீட்டை விடக் கொஞ்சம் சின்னதாக ஒரு வண்டி தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவன் ஒர்க்ஷாப் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த மினி பஸ்ஸாம். சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே கேரவன், அந்த மாதிரி ஆக்கியிருந்தான். உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேஜை, ஒற்றை அடுப்பு. எல்லாவற்றையும் தாண்டி அவளைக் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். ஒரு குட்டிக் கதவைத் திறந்தான்.

"பாருக்கா."

வெள்ளை வெளேர் என்று ஒரு கழிவறை. தண்ணீர்க் குழாய், கைப்பிடி, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், துணி மாட்ட ஆணி. பிடித்துத் திருகினால் தண்ணீர் சோவென்று ஊற்றியது.

"வண்டி ஓடும்போதும் போகலாம். நிறுத்தச் சொல்லிக் கேக்கவே வேணாம்" என்றான். அவன் பார்வை அவள் மேல் இல்லை, குழாய் மேல் இருந்தது. "சொல்லுக்கா, எங்க போலாம்?"

அக்கா அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். அழுதுவிட்டாள். நியாயம்தானே, அவள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பரிசை யார் கொடுத்திருக்கிறார்கள்?

எங்கே என்பதற்குச் சமையலறைக் காலண்டரில் இருந்த மியூசியத்தை விரலால் காட்டினாள். திரைச்சீலை அவளே தைத்தாள். புறப்பட்டார்கள்.

பஸ் நிலையத்தைத் தாண்டியதும் அக்கா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அப்பால் இருந்த மரம், பெட்ரோல் பங்க், சேற்றில் படுத்திருந்த எருமை எல்லாமே அவளுக்குப் புதுசு. "இதப் பாருங்க, இதப் பாருங்க" என்று எருமையைக் காட்டுகிறாள். அச்சுக்காரர், "எருமைதான்" என்றார். வழியில் பதினைந்து தடவையாவது அந்தக் குட்டிக் கதவைத் திறந்திருப்பாள். தம்பி கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைநகரத்தின் மணிக்கூண்டை அவள் முதன்முதலில் பார்த்தது அந்தக் கழிவறை ஜன்னல் வழியாகத்தான். உட்கார்ந்த வாக்கில் வெளியே பார்க்கிறாள், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு கல்லாலான ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது. "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தம்பி பிரேக்கை அழுத்திவிட்டான்.

"என்னக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. கோபுரம்டா!"

அன்று முழுக்க வண்டிக்குள் இருந்தபடியே ஊரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தூணும் நாலு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் போல இருந்த பாராளுமன்றம். கல் சிங்கங்கள் காவல் காக்கிற பாலம். போரில் செத்தவர்களின் பெயரெல்லாம் செதுக்கியிருந்த வெற்றி வளைவு. அந்த வளைவை வண்டி சுற்றி வந்தபோது அக்கா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "இன்னொரு சுத்து" என்றாள். தம்பி சுற்றினான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." பின்னால் வந்தவர்கள் ஹாரனால் காதைக் கிழித்தார்கள். அவன் காதில் வாங்காமல் மறுபடியும் சுற்றினான்.

"இதெல்லாம் மனுஷங்கதானா கட்டினாங்க?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வளைவின் உச்சியில் கயிறு கட்டித் தொங்கியபடி ஒரு ஆள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடுகு அளவு தெரிந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் வளைவின் உயரமே அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் ஊருக்கு வெளியே வண்டிகள் தங்குகிற திடலில் நிறுத்தித் தேநீர் போட்டார்கள்.

"நாளைக்கு மியூசியம்" என்றான் தம்பி.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் வண்டியில இருக்கேன்."

"அக்கா, அதைப் பாக்கத்தானே..."

"சொன்னாக் கேளுடா. அங்கல்லாம் கூட்டம் இருக்கும். வரிசையில நிக்கணும். நடுவுல எனக்கு வந்துச்சுன்னா நான் எங்கடா போவேன்? அத்தனை பேர் முன்னாடி என் மானம் போகணுமா?"

அப்போதுதான் நம் அச்சுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எதுக்கு இவ்வளவு யோசனை? வண்டியை மியூசியம் படிக்கட்டுக்கு நேரா நிறுத்திடலாம். இறங்கினா படி, ஏறினா கதவு. அந்த இடம் எனக்கு அத்துப்படி."

"நீங்க எப்பப் போனீங்க அங்க?" என்றாள் அக்கா. "பட்டமளிப்புக்குப் போனப்பவா?"

"இல்ல, அந்தப் பக்கமே போகல."

"பின்ன?"

"அச்சடிச்சிருக்கேன்ல!"

அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால் அந்தச் சதுக்கத்தைக் கட்டினதே அவர்தான் என்று தோன்றும். ஆனால் அக்காவுக்கு அந்தப் பேச்சில் ஒரு பிடி கிடைத்தது. படிக்கு நேராக வண்டி நிற்கும் என்றால், உள்ளே போய்க் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாமே. "வாசல்லயே நிக்கும்னா வரேன்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னாலும் நான் இறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சதுக்கத்தை ஒட்டிய வீதிகளுக்குள் பெரிய வண்டிகளைக் காலை எட்டு மணி வரைக்கும்தான் விடுவார்களாம். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் மறுநாள்தான் திரும்ப நுழைய முடியும். இருட்டு விலகும்போதே கிளம்பினார்கள். சதுக்கத்துக்குப் பிரிகிற இடத்தில் சாலை இரண்டாகக் கிளைத்தது. தம்பியின் கைபேசி வலப்பக்கம் திரும்பச் சொன்னது.

"இடப்பக்கம் திருப்பு மாப்ளே" என்றார் அச்சுக்காரர்.

"போன்ல அந்தப் பொண்ணு வலப்பக்கம்ங்கறா மாமா."

"அவ எப்ப வந்தா இந்த ஊருக்கு? முப்பது வருஷமா வருஷத்துக்கு வருஷம் என் மெஷின்ல ஓடின படம். சதுக்கத்துக்குள்ள நுழைஞ்சா இடப்பக்கம் மியூசியம். திருப்பு!"

மாமா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. திருப்பினான். அது ஒருவழிப் பாதை. கடைசிவரை போய், மரத்தடியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே கறுத்துப்போன ஒரு நீதிமன்றம், இழுத்துச் சாத்திய கதவோடு நின்றது. மியூசியம் சதுக்கத்தின் அந்தக் கோடியில், வலப்பக்கம், காலை வெயிலில் குவிமாடத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு ஏரி அளவுக்குக் கல் பாவிய வெளி. வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோக வழி உண்டா என்று தம்பி ஓடிப்போய்ப் போலீஸ்காரரைக் கேட்டான். வெளியே போய்ச் சுற்றி நாளைக்கு வரச் சொன்னார்.

அச்சுக்காரர் குதிரை வீரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. பிறகு நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"படத்தை மாத்திப் போட்டுட்டோம்" என்றார்.

"என்னது?"

"அச்சுக்குப் பிளேட் எடுக்கும்போது ஃபிலிமைத் திருப்பி வச்சிருக்காங்க. முன்பக்கம் பின்பக்கமாகி, இடம் வலமா மாறிப்போச்சு. எழுத்துக்குத் தனி ஃபிலிம், அது சரியா இருந்துச்சு, அதனால எவன் கண்ணுலயும் படல. நல்லா விக்குதுன்னு அதே ஃபிலிமையே வருஷா வருஷம் எடுத்து எடுத்துப் போட்டோம். வாளைப் பாரு. வலது கை."

அக்கா பார்த்தாள். வீரன் சந்தேகத்துக்கே இடமில்லாமல் வலக்கைக்காரன். அத்தனை வருஷம் பால் பொங்கக் காத்திருந்தபோதெல்லாம் தன் இனம் என்று நினைத்து அவனிடம் பிரியம் வைத்திருந்தாளே! ஊரெல்லாம் எத்தனை வீட்டுச் சுவரில் இந்த ஊரே இடம் வலம் மாறித் தொங்கியிருக்கும்! அதைத் தூக்கி வழிகாட்டியாக வைத்துக்கொண்டு இந்த மனுஷர் போனில் பேசுகிற பெண்ணிடம் சண்டைக்குப் போனாரே! அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே. சிரித்துக்கொண்டே வண்டிக்குள் ஓடிக் குட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது இரண்டு ஆண்களும் குற்றவாளிகள் மாதிரி நின்றிருந்தார்கள். அச்சுக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. "உன்னை வாசல்ல இறக்கிவிடணும்னு நினைச்சேன்" என்றார். "என்னால கெட்டுது. வா, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் சதுக்கத்தைப் பார்த்தாள். மியூசியத்தைப் பார்த்தாள், கதவு திறக்கிற நேரம் போல, படியில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் போய்விட்டு வந்திருந்தாள். ஆக, ஒரு முழு அரை மணி நேரம் புத்தம் புதுசாகக் கையில் இருந்தது. மாற்றுத் துணிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நடங்க" என்றாள். "சீக்கிரம். நிக்காதீங்க."

தம்பி வண்டிக்குக் காவலாக நின்றுகொண்டான். இவர்கள் இருவரும் சதுக்கத்தில் இறங்கினார்கள். நிற்காதீர்கள் என்று சொன்னவளே குதிரைக்குக் கீழே போனதும் நின்றுவிட்டாள். அதன் வயிறு அவள் தலைக்கு மேல் கூரை போல இருந்தது. தொடையில் நரம்பு புடைத்திருந்தது, மூக்கு விரிந்திருந்தது, அடுத்த நொடி மூச்சு விட்டுவிடும் போல இருந்தது. படத்தில் பார்த்தது குதிரையே இல்லை, குதிரையின் நிழல். அச்சுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாகத் தவித்தார். "வாம்மா, வாம்மா" என்று கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டினார்.

படியேறி முடித்தால் வரிசை. எள் விழ இடமில்லை. நகர்வேனா என்றது. ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தார்கள். அக்காவின் பையைத் திறந்த காவலாளி உள்ளே மடித்து வைத்திருந்த உள்பாவாடைகளைப் பார்த்ததும் முகம் சிவந்து படக்கென்று மூடிக் கொடுத்துவிட்டார். அதற்குள் அவள் வயிற்றில் ஆரம்பித்துவிட்டது. கால்களை நெருக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். வண்டி ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இனி ஓடினாலும் போய்ச் சேர முடியாது. கண்ணில் நீர் முட்டியது. புருஷன் கையை அவள் இறுகப் பிடித்த பிடியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் கதவு திறந்து கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

உள்ளே வானம் இருந்தது. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. குவிமாடத்தின் உட்புறம் முழுக்க நீலம், அதைச் சுற்றி வட்டமாக ஜன்னல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் வெளிச்சம் சாய்வாக இறங்கியது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. அதன் தாடை ஒன்றே அவள் வீட்டு வாசலிலிருந்து கொல்லை வரை இருக்கும். விலா எலும்புகளுக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். இவ்வளவு பெரிய உயிர் கடலுக்குள் நீந்தியதா? பசித்துச் சாப்பிட்டதா? குட்டி போட்டதா? இதெல்லாம் இந்த உலகத்தில் இருந்துகொண்டேதான் இருந்ததா, அவள் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது? வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கணத்தில் உடம்பு பிடியை விட்டுவிட்டது.

கால் வழியாகச் சூடாக இறங்கியது. செருப்பு நனைந்தது. வாழ்க்கை முழுக்க எதற்குப் பயந்தாளோ அது, ஊர் உலகமே கூடி நிற்கிற இடத்தில், நட்ட நடுவில் நடந்துவிட்டது. செத்துப்போய்விடலாம் போல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் குழந்தையோடு நின்ற தகப்பன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமே கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்தது. அவள் கையைப் பிடித்திருந்த அச்சுக்காரர்கூட வாயைப் பிளந்து மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர் கண்கூட அவள் மேல் இல்லை. அவளும் நிமிர்ந்து இன்னொரு தடவை திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு புருஷன் கையை விட்டுவிட்டு, சுவரோரம் நின்ற காவல்காரப் பெண்ணிடம் போனாள். "டாய்லெட் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். வெளியிடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தூணுக்குப் பின்னாடி இருக்கு பாருங்கம்மா. இங்க ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு மாடியிலயும் ரெண்டு இருக்கு."

"ஒவ்வொரு மாடியிலயுமா?"

"ஆமாம்மா."

அக்கா அந்தப் பெண்ணைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

கழுவி, மாற்றுத் துணி உடுத்தி வெளியே வந்தபோது, தான் நின்ற இடத்தை ஒரு துப்புரவுக்காரப் பெண் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஓடிப்போய், "நான்தாம்மா... மன்னிச்சுக்கோ, குடு, நான் துடைக்கிறேன்" என்றாள்.

"அட விடுங்கம்மா. அந்தத் திமிங்கலத்தை அண்ணாந்து பாத்ததும் தினம் யாராவது ஒருத்தருக்கு ஆகிடும். சின்னப் புள்ளைங்கன்னு இல்ல, கோட்டு போட்ட பெரிய மனுஷங்களுக்கே ஆயிருக்கு." துடைத்த துணியைப் பிழிந்துவிட்டு அவள் தன்பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

அச்சுக்காரர் தூணருகே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தார். "போதும்மா. வண்டிக்குப் போயிடலாம்" என்றார்.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

அவள் மாடிப்படியில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

மன்னர்களின் கிரீடம் பார்த்தாள், வாள் பார்த்தாள், வானத்திலிருந்து விழுந்த கரும்பாறையைப் பார்த்தாள். வழியில் எங்கெங்கே கழிவறை இருக்கிறது என்று கண் தானாகப் பார்த்து வைத்துக்கொண்டது. ஒருமுறை போயும் வந்தாள். ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. மூன்றாவது மாடியில் வெளிச்சம் குறைந்த ஓர் அறை. கூட்டமே இல்லை. நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பழுப்பேறின ஒரு குட்டிச் சட்டை, கையை விரித்துப் படுத்திருந்தது. அச்சுக்காரர் அட்டையைப் படித்தார். "குழந்தைச் சட்டை. நார்த்துணி. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தினதாம்."

அக்கா குனிந்தாள். கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியது, துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். வலது முழங்கை கிழிந்து, உள்ளே ஒரு துண்டு வைத்து, சுற்றி ஓட்டுத் தையல் போட்டிருந்தது. பொடிப் பொடித் தையல். ஒரு மூலையில் நூல் தீர்ந்துபோய் வேறு நிற நூலில் முடித்திருந்தது. பிள்ளை ஓடியிருக்கிறது, எங்கோ விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. எவளோ ஒருத்தி அதைத் திட்டியிருப்பாள், திட்டிக்கொண்டே வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்திருப்பாள். மூவாயிரம் வருஷம்! ராஜாக்கள் போய்விட்டார்கள், அந்தப் பிள்ளையும் போய், அதன் பேரன் பேத்திகளும் போய்ச் சேர்ந்தார்கள். தையல் மட்டும் ஒரு இடத்தில்கூட விடவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அச்சுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அரை மணி எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"தச்சவ பேரு போட்டிருக்கா?" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அவர் அட்டையை மேலிருந்து கீழ் வரை தேடினார். "இல்லம்மா."

அவள் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, அவள் துடைக்கவே இல்லை.

"இத்தனை வருஷமா இது இங்கயேதாங்க இருந்திருக்கு" என்றாள். "நான்தான் வரல."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். அந்தச் சட்டையைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தார். பெருசு என்ற வார்த்தை அதற்கு ஒத்துவரவில்லை. அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள், பையைத் தோளில் சரி செய்துகொண்டாள், அடுத்த அறைக்குள் நடந்தாள்.